எட்டு கிராம் ஜிப்சம்

எட்டு கிராம் வேண்டும், தராசு ஏழு புள்ளி ஒன்பது காட்டுகிறது, கொஞ்சம் யோசித்துவிட்டு எட்டுக்கு வருகிறது, மறுபடி ஏழு புள்ளி ஒன்பதுக்கே போய்விடுகிறது, கராஜ் கதவுக்கு அடியில் நுழைகிற காற்றுதான் அதை ஆட்டுகிறது, மெல்போர்னில் ஆகஸ்ட் மாதத்துக் காற்று முதலில் கணுக்காலைத்தான் பிடிக்கும், ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் தராசுக்கு மறைப்பாக வைக்கிறேன், நின்றுவிட்டது, எட்டு. வெள்ளை மாவு. ஊரில் நிலக்கடலைக் காட்டுக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்களே அதே ஜிப்சம்தான், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸும் இதுதான், இங்கே பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று சின்ன டப்பாவில் போட்டு விற்கிறார்கள். அடுப்பில் பெரிய எவர்சில்வர் பானையில் முப்பது லிட்டர் தண்ணீர், நாற்பத்தோரு டிகிரி, எழுபத்திரண்டுக்குப் போக இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். பத்து மணிக்குக் காலின் வருவான். சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்திருக்கிறான், ஆள் தேடுகிறான், என் கணவர் காய்ச்சுவதை நேரில் பார்த்துவிட்டு வேலை தருவதா வேண்டாமா என்று சொல்லப்போகிறான். குழந்தைவேலு என்பது என் கணவர் பெயர், இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது வேல் என்று சுருங்கிவிட்டது, வேல் இப்போது குளியலறையில் சவரம் செய்துகொண்டிருக்கிறார், விசிலடிக்கிற சத்தம் கேட்கிறது, எட்டு மாதமாகக் கேட்காத விசில், கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஷீ ஜஸ்ட் வாஷஸ் த பாட்டில்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை இதே கராஜில் நின்றுகொண்டு போனில் சொன்னார். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மார்கரெட் கேட்டிருப்பாள், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப்புக்கு அவள்தான் செயலாளர், கூடமாட உன் மனைவி உதவுவாளா என்று கேட்டிருப்பாள், நல்ல பொம்பளை, எல்லாரைப் பற்றியும் கேட்பாள். ஷீ ஜஸ்ட் வாஷஸ் த பாட்டில்ஸ், அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம், அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது மார்கரெட், ரொம்ப ஆசாரம். கையில் இருந்த ஈரத் துண்டைப் பிழிந்தேன், பிழிந்ததையே மறுபடி பிழிந்தேன், ஒரு சொட்டு வரவில்லை.

அந்த ஜஸ்ட் என்கிற வார்த்தைதான் ஆறு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. பாட்டில் கழுவுகிறேன் என்பது பொய் இல்லை, கழுவத்தான் செய்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஐம்பது அறுபது பாட்டில், அடியில் ஒட்டின ஈஸ்ட்டை நீள பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து. அந்த ஜஸ்ட்டை எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தமிழில் என்ன சொல்வது, சும்மா பாட்டில் கழுவுவாள், வெறும் பாட்டில் கழுவுவாள், பாட்டில் கழுவுவாள் அவ்வளவுதான். எதைப் போட்டாலும் ஜஸ்ட் அளவுக்குச் சின்னதாக இல்லை. அவர்கள் பாஷையில் மனுஷியைக் குறுக்க நாலு எழுத்துப் போதுமாயிருக்கிறது. ஆசாரமாம். ஆசாரமானவளா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சல்ஃபேட்டுக்கும் குளோரைடுக்கும் விகிதம் போட்டேன், ஆசாரமானவளா மூன்று டம்ளர் பீரில் மூன்று விதமாக உப்பைக் கரைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்து, சிங்க்கில் துப்பி, வாய் கொப்பளித்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். முதல் டம்ளரில் கசப்பு மழுங்கி இருந்தது, இரண்டாவதில் தடித்து இருந்தது, மூன்றாவதில், ஜிப்சம் கூடின மூன்றாவதில், கசப்பு நிமிர்ந்து நின்றது, சுத்தமாக, வறண்டு, நாக்கின் அடியில் ஒரு கோடு கிழித்த மாதிரி. அதைத் துப்பவில்லை. விழுங்கிவிட்டேன். அதை அவருக்குச் சொல்லவில்லை, எனக்கென்று இந்த வீட்டில் இருக்கிற ரகசியம் அந்த ஒரு ஸ்பூன் பீர்தான் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்பா அது, நாற்பத்தெட்டு டிகிரி.

கால்சியம் குளோரைடு டப்பாவைத் திறக்கிறேன், மூடி சரியாகப் போடாமல் விட்டிருக்கிறார், மறுபடியும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும்ங்க, இழுத்து இழுத்து ஊறிப்போகும், அப்புறம் மூன்று கிராம் நிறுத்தால் அதில் பாதி தண்ணீர்தான் நிற்கும், கணக்கே போய்விடும். சரி சரி என்பார். சரி சரி என்பது அவர் காதை மூடிக்கொள்கிற விதம். ஓரத்தில் இருந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன, உள்ளேயிருந்து காய்ந்ததாகப் பார்த்து எடுக்கிறேன், மூன்று கிராம், தனிக் கிண்ணத்தில். மேலே தட்டில் பேதி உப்பு டப்பாவும் இருக்கிறது, எப்சம் சால்ட் என்று லேபிள், அதில் ஒரு கையளவு போட்டுவிட்டால் காலின், மார்கரெட், கிளப் முழுக்க, சீ, என்ன யோசனை இது, நாற்பத்தேழு வயதில் இப்படியா யோசிப்பார்கள். ஆனாலும் ஒரு நிமிஷம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் முதல் முதலாகக் காய்ச்சின பீர் பதினோரு வருஷத்துக்கு முன்னால். கிளப்புக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிவந்தார், பெட்டியில் பாட்டில் அப்படியே இருந்தது, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு ரொம்ப இன்ட்ரஸ்ட்டிங் என்றார்களாம். இவர்கள் இன்ட்ரஸ்ட்டிங் என்றால் என்ன அர்த்தம் என்று அதற்குள் எங்களுக்குத் தெரியும். "எல்லாம் புஸ்தகத்துல இருக்கிற மாதிரிதான் பண்றேன் சாரதா, ஆனா சவசவன்னு இருக்கு, உயிரே இல்ல" என்று சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பாவமாக இருந்தது. முளைகட்டிக் காயவைத்த பார்லி, அந்த மால்ட்டைக் கேட்டேன், கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸைக் கேட்டேன், எல்லாம் நல்ல சரக்குதான். "தண்ணி?" என்றேன். "தண்ணி பைப் தண்ணிதான், தண்ணில என்ன இருக்கு?" என்றார். தண்ணீரில் என்ன இருக்கிறது. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் வாரியத்தின் அறிக்கையை இணையத்தில் தேடி எடுத்தேன், அட்டவணையைப் பார்த்ததும் கண் தானாகவே கால்சியத்துக்குப் போனது, கடினத்தன்மைக்குப் போனது, காரத்தன்மைக்குப் போனது, வீட்டைவிட்டுப் போனவள் திரும்பி வந்து இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி, எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. "இதுல ஒண்ணுமே இல்லைங்க, மழைத்தண்ணி மாதிரி இருக்கு, அதான் உங்க பீர்ல உயிரில்ல" என்றேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை, அதை மறுக்க முடியாது, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த தடவை உப்புப் போட்டோம், அவருக்கு மூன்றாம் பரிசு வந்தது. அதற்கடுத்த வருஷம் முதல் பரிசு. முதலில் நாங்கள் தண்ணீரைச் சரி பண்ணினோம் என்றுதான் கிளப்பில் சொன்னார், நாங்கள்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அது எந்த வருஷம் நான் ஆனது என்பதுதான் நினைவில்லை, ஒருநாள் கேட்டபோது நான் என்றுதான் இருந்தது.

சேலத்தில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினாலு மாதம் வேலை பார்த்தேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு. பதினாலு மாதம்தான், ஆனால் ஒரு முழு வாழ்க்கையாக ஞாபகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் வரும், போர் தண்ணீர், ஏரித் தண்ணீர், யாரோ தோட்டத்துக் கிணறு, கேனைத் திறந்து முகர்ந்தாலே பாதி சொல்லிவிடுவேன். காலையில் பியூரெட்டைக் கழுவி நிறுத்தி, துளித்துளியாக விட்டு, பிளாஸ்க்கைச் சுழற்றி, நிறம் மாறுகிற அந்த ஒரு துளி, வைன் கலரிலிருந்து நீலத்துக்கு, அதற்கு முந்தின துளியில் நிறுத்தினால் தப்பு, அடுத்த துளியில் நிறுத்தினால் தப்பு. ஒரு தடவை கிராமத்திலிருந்து ஒருத்தர் வந்தார், ஊர்ப் பொதுக்கிணற்றில் ஃப்ளோரைடு கூடுதல் என்று நான் எழுதின அறிக்கையோடு, படிக்கத் தெரியாதவர், இதில் கையெழுத்துப் போட்ட அம்மா யாருங்க என்று கேட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு, இத்தனை சின்னப் பிள்ளையா என்றார். பிறகு, அப்ப இந்தத் தண்ணிய இனி குடிக்கவேண்டாமுங்களா என்றார். வேண்டாமுங்க என்றேன். சரி என்று போனார். அந்த ஊர் அந்தக் கிணற்றை மூடியது. நான் வேண்டாம் என்று சொல்லி ஒரு ஊரே குடிப்பதை நிறுத்தியிருக்கிறது. இப்போது நான் கால்சியம் குளோரைடு மூடியை மூடுங்கள் என்று சொன்னால் ஒரு மனுஷன் மூடுவதில்லை. ஐம்பத்தேழு டிகிரி.

இங்கே வந்தபின் என் படிப்பு செல்லுமா என்று எழுதிக் கேட்டோம். ஆங்கிலத் தேர்வு எழுதச் சொன்னார்கள். பேசுவதில் தேறினேன், கேட்பதில் தேறினேன், எழுதுவதில் அரை மதிப்பெண் போனது. மறுபடி எழுதலாம் என்றிருந்தேன், அதற்குள் மகள் வயிற்றில் வந்துவிட்டாள், அப்புறம் பார்த்துக்கலாம் சாரதா என்றார். அவர் தடுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும், தடுக்கவே இல்லை. அப்புறம் பார்த்துக்கலாம் என்றுதான் சொன்னார், தடுத்திருந்தால் முட்டியிருப்பேன், அப்புறத்தோடு யார் முட்டுவது. மகள் இப்போது பெர்த்தில் இருக்கிறாள், அம்மா நீயே அந்தக் கிளப்பில் சேர்ந்துவிடேன் என்பாள், சுலபமாகச் சொல்வாள், அவளுக்கு எல்லாம் சுலபம். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். விழுங்க முடியாத கிழவர்களுக்குத் தண்ணீர்கூடப் புரையேறும், அதனால் தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித் தரவேண்டும், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பதம், ஒருத்தருக்குத் தேன் மாதிரி, ஒருத்தருக்குக் களி மாதிரி, ஸ்பூனால் அளந்து போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பேன், கட்டி தட்டக்கூடாது. பதம் மாறினால் நெஞ்சில் இறங்கி நிமோனியா வரும், உயிர் போகும். அங்கேயும் ஜஸ்ட்தான். கிச்சன் ஸ்டாஃப். ஒருநாள் ஒரு நர்ஸ் சொன்னாள், நீ கலக்கினால் மட்டும் எப்போதும் சரியாக இருக்கிறது, எப்படி என்று. எப்படியென்று சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அவள் போய்விட்டாள்.

அறுபத்தாறு. இப்போது போட்டுக் கலக்கிவிட வேண்டும், ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், மால்ட் விழுவதற்கு முன்னால் கரைந்தால்தான் நல்லது. இரண்டு கிண்ணமும் கையில் இருக்கின்றன. இடது கையில் ஜிப்சம், வலது கையில் குளோரைடு. பானைக்கு மேலே ஆவி எழும்புகிறது, மூக்குக்கண்ணாடி மங்குகிறது, ஒன்றும் தெரியாத கண்ணாடிக்குள் நின்றுகொண்டு, போடு, போடு என்கிறேன். கை போகவில்லை. போடக்கூடாது என்று நான் முடிவு பண்ணவில்லை, யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், அதுதான் உண்மையும், போடுகிற அந்த ஒரு அசைவு மட்டும் உள்ளேயிருந்து வரவில்லை, காலையில் எழுந்திருக்க மனமில்லாதவன் இதோ இதோ என்று படுத்திருப்பானே அப்படி. எட்டு மாதமாக அவருக்கு வேலை இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள், பத்தொன்பது வருஷம் பார்த்த வேலை. முதல் மாதம் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பினார், மூன்றாம் மாதம் பனியனோடு, ஆறாம் மாதம் அனுப்புகிறாரா என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஐம்பத்தாறு வயது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும், பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அது முற்றும், ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். போடு. எழுபது. போடு, உன் புருஷன், உன் வீடு. பாட்டில் கழுவுகிறவள் உப்புப் போடுவாளா? எழுபத்திரண்டு. "சாரதா, ரெடியா?" கதவருகே குரல். கிண்ணம் இரண்டையும் மேல் தட்டில், பேதி உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ரெடி என்றேன்.

நீலச் சட்டை. நான் இஸ்திரி போட்டதுதான். தாடையில் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறார், அதில் பேப்பர்த் துண்டு ஒட்டியிருக்கிறது, எடுத்துவிட்டேன், குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "உப்பெல்லாம் போட்டுட்டல்ல?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேனோ என்னவோ, கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை, காபி குடித்துவிட்டுச் சர்க்கரை போட்டாயா என்று யாராவது கேட்பார்களா. மால்ட்டைக் கொட்டினார், நான் பெரிய துடுப்பால் கிளறினேன், கஞ்சி வாசனை, வறுத்த கோதுமை மாவில் வெந்நீர் ஊற்றினால் எழும்புகிற வாசனை, இது எனக்குப் பிடிக்கும், எத்தனை கோபத்திலும் பிடிக்கிறது. அப்போதே வாசலில் கார் நின்றது. மார்கரெட் முதலில் வந்தாள், அவள்தான் கூட்டிவந்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் காலின், உயரம், நரைத்த தாடி, பூட்ஸில் சேறு, கை குலுக்கும்போது அவன் கை சொரசொரவென்று இருந்தது, பீப்பாய் கழுவுகிற சோடா காரத்தில் தினமும் நனைகிற கை, எனக்குத் தெரியும். என்னிடமும் குலுக்கினான். "திஸ் இஸ் மை வைஃப்" என்றார் இவர். அதோடு நிறுத்திக்கொண்டார், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை, எதையாவது சேர்க்கப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதுதான் கொடுமை. எங்கள் தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரி என்றார், அதில் உயிர் கிடையாது என்றார், தண்ணீரைக் கட்டிடத்தின் அஸ்திவாரம் மாதிரி நினைக்கவேண்டும் என்றார், இந்தக் கடைசி ஒன்று மட்டும் அவருடையது, மற்றதெல்லாம் பதினோரு வருஷமாக நான் அந்தச் சமையலறை மேஜையில் தமிழில் சொன்னது, ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு என் எதிரில் நடந்துபோகிறது. நான் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்துகிறார், நான் சொன்னபடியே கையைக்கூட ஆட்டுகிறார். மார்கரெட் பெருமையாகக் காலினைப் பார்த்தாள். காலின் தலையாட்டிக்கொண்டே கேட்டான், அவ்வளவாகப் பேசாத ஆள், "இப்போது பி.எச். என்ன இருக்கிறது?" இவர் என் பக்கம் திரும்பினார், ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு விரலை ஆட்டினார், "பி.எச். பாரு."

ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீரை எடுத்துச் சின்னத் தட்டில் ஊற்றி ஆறவைத்தேன். சூடாகப் பார்த்தால் எண் பொய் சொல்லும். மீட்டரைக் காலையிலேயே பி.எச். தெரிந்த இரண்டு கரைசலில் சரிபார்த்து வைத்திருந்தேன், அதில் சந்தேகம் இல்லை. முனையை விட்டேன். எண் ஓடியது, ஆறுக்குப் போய்த் திரும்பி, ஐந்து புள்ளி எட்டு, ஐந்து புள்ளி ஏழு ஆறு, ஏழு நாலு, நின்றது. உப்புப் போட்டிருந்தால் ஐந்து புள்ளி மூன்றுக்கு இறங்கியிருக்கும், அப்படியே சொல்லிவிடலாம். காலின் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இல்லை. ஐந்து புள்ளி மூன்று என்றால் எல்லாம் முடிந்தது, தலையாட்டுவான், வேலை கிடைக்கும், நான்கு வாரம் கழித்துப் பீர் சவசவவென்று வந்தால் வந்துவிட்டுப் போகிறது. வாயைத் திறந்தேன். எனக்கு எத்தனையோ பொய் வரும், அத்தைக்கு உடம்பு சரியில்லை வரமுடியாது என்பேன், சாப்பிட்டாச்சு என்பேன், ஒன்றுமில்லை நன்றாக இருக்கிறேன் என்று இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் மீட்டரில் ஒரு எண் நிற்கும்போது வேறு எண்ணைச் சொல்ல நாக்கு புரளவில்லை. "ஐந்து புள்ளி ஏழு நாலு" என்றேன்.

இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்கடியில் இருந்தது மட்டும் போய்விட்டது. தமிழில் கேட்டார், "உப்புப் போட்டியா இல்லையா?" "இல்லைங்க." "ஏன்?" அதற்கு என்ன பதில் சொல்வது, ஆறு நாளாக அதற்கான பதிலைத்தான் வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேர் எதிரில் அது எப்படி வரும். அவர் திரும்பினார், சிரிப்பைத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார், "மறந்துவிட்டாள். பாவம், நேற்று இரண்டு ஷிப்ட். இனி நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்." மார்கரெட், அடடா பாவம் என்று என் தோளைத் தடவினாள். அதுவும் போயிற்று. நான் செய்த ஒரே ஒரு காரியம், வேண்டுமென்று செய்தது, அதுகூட எனக்கில்லை, மறதி என்று எழுதிவிட்டார். காலின் மட்டும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது என்ன செய்வாய், வேல்?" என்றான்.

வேல் பானையைப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார். ஜிப்சம் டப்பாவைக் கையில் எடுத்தார், திருப்பி லேபிளைப் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார், எவ்வளவு என்பது அதில் எழுதியிருக்காது. அவர் காது சிவப்பதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த காது, பயம் வந்தால் முதலில் சிவக்கிறது அதுதான். என் பக்கம் திரும்பாமலே, டப்பாவைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரித் தமிழில் சொன்னார்: "எவ்வளவுன்னு சொல்லு சாரதா. சீக்கிரம்." அவர்களுக்குப் புரியாத பாஷை. நான் தமிழில் எட்டு என்றால் அவர் ஆங்கிலத்தில் எய்ட் என்பார். அவ்வளவு சுலபம். இத்தனை வருஷம் இந்த வீட்டில் நடந்தது இதுதான், என் தமிழ் உள்ளே போகும், அவர் ஆங்கிலம் வெளியே வரும், இப்போதுதான் அது கண்ணுக்கு முன்னால் இத்தனை வெட்டவெளிச்சமாக நடக்கிறது. கடிகாரம் இல்லாத கராஜ், அடுப்பு அணைத்த பிறகு பானை டிக் டிக்கென்று ஆறுகிற சத்தம். "சாரதா" என்றார் மறுபடி, இந்தத் தடவை அது பெயர் மாதிரி இல்லை, கெஞ்சல்.

காலினைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். "கால்சியம் சல்ஃபேட் எட்டு கிராம், கால்சியம் குளோரைடு மூன்று கிராம். அதற்கும் இறங்காவிட்டால் லாக்டிக் அமிலம் சில துளி. நான் மறக்கவில்லை. நிறுத்து வைத்திருக்கிறேன்." தட்டிலிருந்து கிண்ணங்களை எடுத்துக் காட்டினேன். குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது, அரை மதிப்பெண் அளவுக்கு. காலின் தாடியைச் சொறிந்தான். "குளோரைடை ஏன் இவ்வளவு குறைத்து?" குளோரைடு கூடினால் மால்ட்டின் தித்திப்பு முன்னால் வரும், வாயில் உருண்டையாக இருக்கும், இந்தப் பீருக்குக் கசப்புதான் முன்னால் நிற்கவேண்டும், சுத்தமான கசப்பு, வாயில் தங்காமல் முடிகிற கசப்பு, அதற்கு சல்ஃபேட் வேண்டும் என்றேன். "மக்னீசியம்?" மால்ட்டிலேயே போதுமான அளவு இருக்கிறது, மேலே போட்டால் புளிப்பும் கசப்புமாக ஒரு மாதிரி இருக்கும், வயிற்றையும் கெடுக்கும் என்றேன். காலின் சிரித்தான். போட்டேன், கிளறினேன், அமிலம் நாலு துளி, மறுபடி கிளறினேன், எடுத்து ஆறவைத்துப் பார்த்தேன், ஐந்து புள்ளி மூன்று ஆறு. அவனே வந்து குனிந்து மீட்டரைப் பார்த்தான். "எங்கே படித்தாய்?" "சேலம்." "அது எங்கே?" நான் சொல்வதற்குள் இவர், "சவுத் இந்தியா" என்றார். ரொம்ப நேரத்துக்குப் பிறகு பேசிய வார்த்தை, குரல் உடைந்து வந்தது.

அந்த ஒரு பத்து நிமிஷம், பொய் சொல்லமாட்டேன், அந்தப் பத்து நிமிஷம் நான் இருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. எதையோ எதிர்பார்த்தேன். மார்கரெட் என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆசாரமான பாட்டில் கழுவுகிறவளைத் தேடுகிற பார்வை. தட்டில் ஆறவைத்திருந்த கஞ்சித் தண்ணீரைக் காலின் விரலில் தொட்டு நாக்கில் வைத்தான், சப்புக்கொட்டினான், பூட்ஸைத் தரையில் தட்டினான், பிறகு திரும்பி இவர் தோளில் கை வைத்தான். "செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடு, வேல். மூன்று மாதம் பார்ப்போம். பீப்பாய் தூக்கவேண்டியிருக்கும், இடுப்பு சரியாக இருக்கிறதா?" என்றான். இவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார். "தண்ணீர் விஷயத்தில் சந்தேகம் வந்தால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கொள்ளவேண்டியதுதானே," என்று காலின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கெட்ட எண்ணம் இல்லை அவனிடம், ஒரு துளிகூட இல்லை, என்னைப் பாராட்டுவதாகத்தான் அவனுக்கு நினைப்பு. மார்கரெட் சிரித்தாள். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தேனே, அதைத்தான் என்னால், என் வாய் விரிந்ததே, என் பல் தெரிந்ததே, யார் கேட்டார்கள் அந்தச் சிரிப்பை என்னிடம்.

காரில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பிவந்தார். கவிழ்த்துவைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். நான் கஞ்சியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அறுபத்தாறு, நன்றாக நிற்கிறது, இன்னும் நாற்பது நிமிஷம். கத்துவார் என்று நினைத்தேன், மானத்தை வாங்கிவிட்டாயே என்பார் என்று, அதற்கான பதிலெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன், ஜஸ்ட்டிலிருந்து ஆரம்பித்து, சேலம் வரைக்கும். அவர் அழுதார். சத்தமில்லாமல், நீலச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எட்டு மாசம் சாரதா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வரிசையாக வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது, அழுகிறவரிடம் எதைச் சொல்வது, இதிலும் அவரே முந்திக்கொண்டார். அவர் தலையைத் தொடலாம் என்று தோன்றியது, முன்பெல்லாம் தொடுவேன், உச்சியில் முடி கொட்டி வழவழவென்று இருக்கும், கை பாதிவரை போனது. அப்போது நிமிர்ந்து பார்த்தார். கண் ஈரமாக இருந்தது, அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது, செவ்வாய்க்கிழமையின் கணக்கு.

"நான் போன் பண்ணா எடுப்பதானே?" என்றார்.

துடுப்பை எடுத்து ஒரு சுற்றுக் கிளறினேன். அடியில் எங்கேயும் பிடிக்கவில்லை.

"வேலை நேரத்துல என் போன் லாக்கர்ல இருக்கும்ங்க" என்றேன்.